சுண்டுவிரல் அளவு

துப்பாக்கி எண்ணெய் வாடை அடித்தால் இன்றும் எனக்குக் குமட்டும். பாளையங்கோட்டைத் துப்பாக்கிக் கடையில் நான் வேலை பார்த்தபோது, காட்டெருமை சுட ரைபிள் வாங்க ஒரு பஞ்சு வியாபாரி வந்தார். பன்னீரும் வியர்வையும் கலந்து மணக்கும் கொழுத்த உடம்பு. ஒவ்வொரு குழலின் வாயிலும் சுண்டுவிரலை வைத்துப் பார்த்து, விரலை மல்வேட்டியில் துடைத்துக்கொள்வார். கடைசியில், விரல்நுனிகூட நுழையாத குழலை எடுத்தார்.

“அண்ணாச்சி, இது மானுக்குத்தான் ஆகும். காட்டெருமை காயத்தோட புதருக்குள்ள போயிரும். பெரிய குண்டு போடுத நானூத்தி எழுபது ரைபிளை எடுங்க.”

“பெரிய குண்டு தோலைக் கிழிச்சிரும்வே. சுவத்துல மாட்டுனா துரைமாரு பாக்கணும்லா?”

வேட்டைக்கு வழிகாட்ட அவர் கூட்டிவந்திருந்த மலைவாசிக் காணிக்காரர் வாசலில் நின்றார். காயம்பட்ட விலங்கைத் தேடிப் புதருக்குள் முதலில் நுழைய வேண்டியவர் அவர்தான். பேச்சைக் கேட்டுத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“இவரைக் குத்திக் கிழிச்சிருமே, அண்ணாச்சி!” என்றேன்.

ரைபிளைக் காணிக்காரரின் தோளில் மாட்டிவிட்டு, படியிறங்கியபடியே வியாபாரி சிரித்தார்.

“அவன் தோலையா வே சுவத்துல மாட்டப்போறேன்?”