யாரும் எழுந்து போகக் கூடாது

கோட்டைக்குப்பத்து வின்சென்ட்டின் மகள் எப்சிபா வணிகவியல் படித்தவள். தோஹாவில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை உறுதியாகிவிட்டது, விசாதான் வரவில்லை. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று, ஏரியோரப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஏழைகளுக்கு நல்லது செய்கிற இடம் என்று நம்பித்தான் போனாள்.

முதல் வாரக் கூட்டத்திலேயே அந்த நம்பிக்கை போயிற்று. குழுவில் ஒருத்தி தவணை கட்டாவிட்டாலும் மற்றவர்கள் எழுந்து போகக் கூடாது என்பது அங்கே சட்டம். அன்று வராதவள் மாலதி. தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிப் படுத்திருந்தாள். அது தெரிந்தும் நிர்வாகி சீனிவாசன் வெயில் உச்சிக்கு ஏறும்வரை மற்ற பெண்களைத் தகரக் கொட்டகையில் உட்கார வைத்தார். இறால் போடும் ஓலைப் பறிகள் வாசலில் காய்ந்து கிடந்தன. ஏரியில் தண்ணீர் வற்றி, இறால் தடவத் தோதாக இருந்த நேரமெல்லாம் வீணானது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒருத்தி கேட்டாள். அவளையும் விடவில்லை.

எப்சிபா சீனிவாசனிடம் தனியே போய்க் கேட்டபோது, இதற்குப் பெயர்தான் கட்டுப்பாடு, வெளிநாடு போகிற பெண் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் இருவர் வந்தார்கள். மொழிபெயர்க்க எப்சிபாவை நிறுத்தினார் சீனிவாசன். இந்தக் கடனால் வாழ்க்கை எப்படி மாறியது என்று அவர்கள் கேட்டதும், குழுத் தலைவி நாகம்மாள் எழுந்தாள்.

"எங்கள பட்டியில அடைக்க நாங்க இன்னா ஆடா மாடா? மாலதி கை வீங்கிக் கெடந்தா. அவ வரலன்னு எங்க எல்லார் பொழப்பயும் கெடுத்தாங்க. அத சொல்லு பாப்பா."

சீனிவாசன் சிரித்த முகம் மாறாமல், "சந்தோஷமா இருக்காங்கனு சொல்லும்மா" என்றார்.

எப்சிபா நாகம்மாள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரிக்கிறோம் என்றார்கள். இளநீர் குடித்துவிட்டுக் காரில் ஏறினார்கள். அவ்வளவுதான்.

அன்றே எப்சிபாவை நிறுத்திவிட்டார்கள். பயிற்சிச் சான்றிதழும் கிடையாது என்றார்கள். ஊரை விட்டுப் போகிறவளுக்கு எதற்கு இந்த வம்பு என்று வின்சென்ட் கடிந்துகொண்டார்.

"அவங்க சொல்லாதத நான் எப்படி நைனா சொல்றது?" என்றாள் எப்சிபா.

அடுத்த கூட்டத்திலும் யாரோ ஒருத்தி வரவில்லை. நாகம்மாள் தன் தவணையைக் கட்டிவிட்டுப் பறியை எடுத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே எல்லாரும் எழுந்து போனார்கள். சீனிவாசன் கத்திப் பார்த்தார்; ஒருத்தியும் திரும்பவில்லை. அதன் பிறகு யாரையும் பிடித்து உட்கார வைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. மன்னிப்பு மட்டும் நிறுவனத்தில் யாரும் கேட்கவில்லை, மாலதியிடம்கூட.

விசா வந்து எப்சிபா தோஹா போனாள். பயிற்சியைப் பற்றி அங்கே கேட்டபோது நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவளுக்குத்தான் இன்னும் ஆறவில்லை.