வந்தவர்களை எண்ணிய மாதம்

தொண்ணூறுகளின் கடைசியில் வாரம் மூன்று நாள், குன்னத்துகாலிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு மகளோடு பஸ்ஸில் போய்வந்தேன். கம்ப்யூட்டர் வகுப்பு அவளுக்கு. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்த ஆண்டு மழையில் அவள் பஸ் படியிலிருந்து வழுக்கி விழுந்து, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். அதன்பின் அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் துணியவில்லை. கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு அம்மா துணை என்று கூடப் படிக்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வகுப்பு மாடியில் நடந்தது. கீழே ஒரு இன்டர்நெட் கடை. படியில் காத்துக்கிடந்த என்னை அதை நடத்திய பெண் உள்ளே கூப்பிட்டு, இலவசமாக ஒரு வலைப்பக்கம் தொடங்கித் தந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். தலைமையாசிரியரின் குடை மாறிப்போன கதை, ஆசிரியர் அறைச் சண்டை என்று தோன்றியதை எல்லாம் எழுதினேன். எழுதுகிற ஒரு மணி நேரம் வெளியே பஸ் போகும் சத்தம் காதில் விழாது.

“டீச்சரே, கவுண்டர் ஒண்ணு வச்சுத் தரட்டா? எத்தற பேரு வந்தாவன்னு தெரியும்லா.”

வைத்தாள். முப்பத்தொன்று. அடுத்த முறை நாற்பது. யாரோ ஒருவர் சினிமாச் செய்தியும் போடச் சொல்லிக் குறிப்பு எழுதியிருந்தார். வாரப் பத்திரிகையைப் பார்த்துப் போட்டேன். எண் நூறைத் தாண்டியது.

மகள் படித்துப் பார்த்தாள். “அம்மா கொட்டகைல கால் வச்சு எத்தற வருசமாச்சு? நடிகைக்க கல்யாணத்த ஒங்ககிட்ட கேட்டாக்கும் நிச்சயிச்சாவ?”

எண் கூடாத நாளில் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டரைப் பார்த்த அதே கண்ணால் அதைப் பார்க்கிறேன் என்று ஒரு நாள் உறைத்தது. இருக்கிற பயம் போதாதென்று இன்னொன்றை நானே வாங்கி வைத்திருந்தேன்.

“அத எடுத்துரு மக்கா,” என்றேன் கடைக்காரப் பெண்ணிடம்.

“எடுத்தா, ஆளு வாறாவளா இல்லியான்னே தெரியாதே டீச்சரே.”

“நான் வாறேன்லா. அது போரும்.”

அன்று எங்கள் வாத்தைப் பற்றி எழுதினேன். அது அடுத்த வீட்டு அடுக்களையில் முட்டையிட, அந்த வீட்டுக்காரி முட்டையைப் பொரித்துத் தின்றுவிட்டு நியாயமாக முட்டை ஓடுகளை மட்டும் கொண்டுவந்து தந்தாள். எழுதும்போதே சிரித்துவிட்டேன். பின்னால் இன்னொரு சிரிப்புக் கேட்டது. மகள்.

“எப்ப வந்த?”

“வகுப்பு முடிஞ்சு அரமணிக்கூறாச்சு. ரோட்டத் தாண்டிப் போயி பழம்பொரி தின்னுட்டு வந்து நிக்கேன். அம்மாக்கு ஒண்ணும் தெரியல்ல.”

தனியாக ரோட்டைத் தாண்டியிருக்கிறாள். இரண்டு முறை.

“அப்ப திங்கக்கெழம நான் தனியா வரட்டா?”

மூச்சு ஒரு கணம் நின்றது. இப்போது நினைத்தாலும் நிற்கிறது.

“வா. நானும் வருவேன், அடுத்த பஸ்ஸுல. எனக்கு எழுத்து பாக்கி கெடக்கு.”

திங்கட்கிழமை அவள் முன்னால் போனாள். முதல் வரியை யோசித்தபடியே நான் பின்னால் போனேன். பாதி வழியில்தான் பயப்பட மறந்துபோனது ஞாபகம் வந்தது. மீதி வழி முழுக்கப் பயந்துகொண்டே போனேன்.