அம்மன் முன்னால் என் அகப்பை

கண்டியில் எங்கள் மளிகைக் கடையின் மேல்மாடியில்தான் குடியிருந்தோம். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே மாமியார் அடுப்படியை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வேளை, ஒரே ஒரு வேளைகூட, அடுப்பு என்னை விட்டதில்லை. நவராத்திரி வந்தால் இன்னும் மோசம். அம்மனுக்கு ஒன்பது நாள் கொண்டாட்டம், எனக்கு ஒன்பது நாள் திண்டாட்டம். நாளுக்கொரு சுண்டல், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தேத்தண்ணீர்.

அந்த வருடம் சரஸ்வதி பூசையன்று மாலை, என் கணவர் கடைத் தராசையும் படிக்கற்களையும் துடைத்து அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கினார். தொழில் சாமான்களைக் கும்பிட்டு வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமிக் காலையில்தான் தொட வேண்டும். அதில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் முதலாளி, நானா என்போம், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று ஒரு இறாத்தல் சீனி கேட்டு வந்தார். என் கணவர் தராசைத் தொட மறுத்து, கையாலேயே அள்ளிக் கட்டிக் கொடுத்தார். எப்படியும் ஒன்றரை இறாத்தல் இருக்கும். நானா வாயெல்லாம் பல்லாகப் போனார்.

எனக்குப் பொறி தட்டியது. கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் அகப்பை, அரிவாள்மணை, தேங்காய்த் துருவலை, அம்மிக் குழவி, சோற்றுப் பானை எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, தராசுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டேன். அலங்காரம் என்று நினைத்தாரோ என்னவோ, எல்லாவற்றுக்கும் சேர்த்தே கற்பூரம் காட்டினார்.

பூசை முடிந்ததும் சோறு கேட்டார்.

"தொழில் சாமானத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. விடிஞ்சதும் ஆக்குறேன்," என்றேன்.

"வீட்டுல சோறாக்குறதெல்லாம் ஒரு தொழிலா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். கற்பூரம் காட்டிய பானையைத் தானே எடுக்கவும் அவருக்குத் துணிச்சல் இல்லை. கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு சைவக் கடைக்குப் புறப்பட்டார். மாமியார் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளே பெட்டியைக் கட்டி என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்று நினைத்தேன்.

என் கணவர் நனைந்துபோய் வெறுங்கையோடு திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. கடை திறந்துதான் இருக்கிறதாம், விளக்கும் எரிகிறதாம். ஆனால் தோசைக்கல்லுக்கும் கரண்டிக்கும் பூமாலை போட்டு அம்மன் முன்னால் வைத்துவிட்டு, சமையல்காரர் காலையில் வரச் சொல்லிக் கும்பிட்டாராம்.

"கரண்டிய எடுத்து ரெண்டு தோசை ஊத்தச் சொல்றதுதானே?" என்றேன்.

"அதெப்படி? அது அவங்க தொழில் சாமானாச்சே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் சிரிப்புச் சத்தம் வந்தது என் பக்கத்திலிருந்து அல்ல. மாமியார் உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நவராத்திரிக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். எனக்கு இது தோணாமப் போச்சே," என்றார்.

அப்போது அவர் சிரிக்கவில்லை. என் கணவர் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல், படையலிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து, முதலில் அவர் அம்மாவிடம் கொடுத்தார்.