லசார் அண்ணனின் படச்சேதி

அந்தத் தாள்களில் வெங்காய வாடை அடிக்கும். அதோடு கப்பல் எண்ணெயும் கடல் ஈரமும் கலந்திருக்கும். தாளைப் பிரித்தால் பழுப்பு வெங்காயத் தோல் ஒன்றிரண்டு மடியில் உதிரும். புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்துச் சொக்கிப்போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குப் படக்கதை என்றால் இன்றைக்கும் வெங்காயம்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. தூத்துக்குடியில் அப்போது பெரிய கப்பல் கரைக்கு வராது. வெகுதூரம் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் தோணியில்தான் போய் வர வேண்டும். கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் வெங்காயமும் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கம்பெனியில் லசார் அண்ணன் வேலை பார்த்தார். காலிக் கூடைகளோடு திரும்பும்போது, மாலுமிகள் படித்துவிட்டு எறிந்த ஆங்கிலப் படக்கதைத் தாள்களைக் கூடைக்கு அடியில் போட்டு எடுத்துவருவார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருக்கோடி வாசகசாலையின் பின்கூடத்தில், சுவருக்குச் சுவர் வலைக்கயிறு கட்டி, அந்தத் தாள்களைக் கருவாடு காயப்போடுவதுபோல் வரிசையாகத் தொங்கவிட்டு, கையில் ஒரு மூங்கில் குச்சியோடு நிற்பார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "படச்சேதி".

வெறுமனே கதை சொல்லுகிறவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. கதைக்கு முன்னால் சேதி உண்டு. சீமையில் காகிதம் கிடைக்கவில்லையாம், அதனால் இன்ன தாளில் பக்கத்தைக் குறைத்துவிட்டார்களாம். குட்டை விமானி என்று ஒரு படக்கதை, அதை வரைகிறவர் பட்டாளத்துக்குப் போய்விட்டாராம், இனிமேல் அவருடைய மச்சான் வரைவாராம், மச்சானுக்குக் காது வரைய வராது, வேண்டுமானால் நீங்களே பாருங்கள் என்று குச்சியால் காட்டுவார். மச்சான் செய்தியெல்லாம் அவருக்கு எந்தத் தந்தியில் வந்ததோ தெரியாது. ஆனால் காது கோணலாகத்தான் இருக்கும். பர்மாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த சண்டையைப் பற்றிப் பெரியவர்கள் முன்கூடத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு உலகச் சேதி என்பது அந்தக் கோணல் காதுதான்.

படக்கதை ஆட்கள் எல்லோருக்கும் மேலாக "மூக்கன்" இருந்தார். துப்பறிகிறவர். அவருடைய இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையாததால், மூக்கின் நீளத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்திருந்தோம். ஒரு கப்பலில் வந்த தாளுக்கும் அடுத்த கப்பலில் வந்த தாளுக்கும் நடுவே பல வாரம் விட்டுப்போகும், அதுவரை அவர் விட்ட இடத்திலேயே கிடப்பார். கடைசியாக ஒரு கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒற்றைக் கயிற்றில் தொங்கினார். மேலே ஒருவன் கத்தியால் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான்.

"மூக்கன் இந்த வாரமும் தொங்கத்தான் செய்யுதாரு," என்றார் லசார் அண்ணன். "அடுத்த கப்பல் வந்தாத்தான் எறங்குவாரு. வரலேன்னா அங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

கூடம் முழுவதும் சிரித்தது. என் தம்பி ரபேல் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது; வாயைத் திறந்தபடி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் ஏறாத அவனுக்கு மூக்கனின் கதை முழுவதும் மனப்பாடம். வீட்டில் கரண்டிக் காம்பை வைத்துக்கொண்டு லசார் அண்ணனைப் போலவே நின்று சேதி சொல்லுவான். வாரத்தின் மற்ற நாட்களை அவன் சனிக்கிழமைக்காகப் பொறுத்துக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை போனபோது பின்கூடம் பூட்டியிருந்தது. கதவில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது: படக்கதை நிகழ்ச்சி மறு அறிவிப்பு வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம் எழுதவில்லை. அன்றைக்கு அந்தத் தாளை ஒட்டிய கையை முறித்துப்போடலாம் என்று எனக்கு இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகும் அந்தக் கோபம் முழுசாகத் தணிந்துவிடவில்லை.

வாசகசாலையின் செயலாளர், எங்கள் வாயில் "செக்கட்டரி", ஒரு பருத்திக் கம்பெனிக் கணக்கர். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்தவர். நல்ல மனிதர், கடுமையானவர் இல்லை. முன்கூடத்து மேஜையில்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பார். போய்க் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கேதான் எங்கள் கடற்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுக்க, அதாவது சங்கு குளிக்க, போகிறவர். விடியலில் அவர் கிளம்பும்போது எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. திரும்பி வந்தால் எவ்வளவு கிடைத்தது என்று கேட்கக் கூடாது. "ஏளா, வாயைத் தொறந்து கேக்கப்பிடாது. கேட்டா வெறுங்கையோடதான் வருவாவ," என்பாள் அம்மா. தெரிய வேண்டுமானால் கரையில் போய் நிற்க வேண்டும். நிற்பதுதான் கேட்பது. அடுத்த வீட்டுக்குக் குழம்புமீன் வாங்கப் போனாலும் வாசலில் பாத்திரத்தோடு நின்றால் போதும், அவர்களே என்ன வேணும் என்று வருவார்கள். முத்துக்குளிப்பு நடந்து வெகுகாலம் ஆகியிருந்த ஊர் அது. கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளைந்திருக்கிறதா என்று வருஷாவருஷம் சர்க்கார் படகு போய்ப் பார்த்துவிட்டு வரும், தெருவே கரையில் திரண்டு நிற்கும், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், படகிலிருந்து இறங்குகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கலைந்து போவார்கள். என் பெற்றோர் அப்படி நின்றார்கள். அவர்களுக்குப் பிறந்த நாங்களும் நின்றோம்.

சனிக்கிழமைதோறும் மாதா கோயில் மணி அடித்ததும் வாசகசாலைப் படிக்குக் கீழே போய் நின்றோம். எங்கள் தெருப் பிள்ளைகளைப் பார்த்து மளிகைக் கடை அண்ணாச்சியின் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். செக்கட்டரி சன்னல் வழியாக எங்களைப் பார்ப்பார், சில நாள் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அடுத்த வாரம் உண்டு என்பதா, இல்லை என்பதா என்று வீடு வரை வழக்காடிக்கொண்டே போவோம். மூக்கன் இறங்குவதற்கு ஆளுக்கொரு வழி சொன்னோம். கீழே ஒரு தோணி வருமென்றாள் பக்கத்து வீட்டுப் பிலோமி. கயிறு அறுந்து இந்நேரம் செத்திருப்பார் என்று அண்ணாச்சியின் மூத்த மகன் சொல்லப்போக, ரபேல் அவன் கையைக் கடித்துவிட்டான்.

அப்படி நின்ற ஒருநாள்தான் ரபேல் சட்டென்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து படியேறினான். "நான் கேக்கப் போறேன்," என்றான். இரண்டாவது படியில் அவன் கால் இருந்தது. செக்கட்டரி மேஜையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஏலே, கேட்டுக் கெடுத்துப்புடாதல," என்று பிலோமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் அத்தனை பேரும் கூடச் சேர்ந்து இழுத்தோம். கேட்டுவிட்டால் படச்சேதி ஒரேயடியாகப் போய்விடும் என்று நிஜமாகவே நடுங்கினோம். அவன் திமிறினான், பித்தான் தெறித்தது, அழுதுகொண்டே இறங்கிவிட்டான். செக்கட்டரி மறுபடியும் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

லசார் அண்ணனையும் கேட்கவில்லை. கடலுக்குப் போய்வருகிற ஆளை எப்படிக் கேட்பது? சைக்கிளில் கூடையோடு எங்களைக் கடக்கும்போது ஒருகணம் வேகத்தைக் குறைப்பார், எங்கள் முகங்களைப் பார்ப்பார், நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம், போய்விடுவார். இன்னும் விளையவில்லை போலிருக்கிறது என்று நாங்களும் கலைவோம். மழைக்காலம் வந்தது, கூட்டம் குறைந்தது, கடைசியில் ரபேலும் நானும் மட்டும் நின்றோம், பிறகு நாங்களும் போகவில்லை. யுத்தம் முடிந்த கையோடு லசார் அண்ணன் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார் என்று கேள்வி. கொழும்புக்குக் கிளம்பும்போது அவர் வீட்டிலிருந்து கடைக்குப் போட்ட பழைய தாள்களில் கொஞ்ச நாள் எங்கள் தெருவுக்கு வறுகடலை வந்தது. வெங்காய வாடை அப்போதும் இருந்தது. பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தோம், குட்டை விமானிதான் வந்தார், மூக்கன் வரவில்லை.

பல வருஷம் கழித்து, எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு கல்யாண வீட்டில் செக்கட்டரியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். ரபேலும் கூட இருந்தான். அவன் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நான் யார் மகள் என்று சொல்லிவிட்டு, அந்தப் படச்சேதியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் முதலில் கேட்டது நான்தான்.

"அதா?" என்று யோசித்தார். "ஏ.ஆர்.பி. வகுப்புக்குக் கூடம் வேணும்னாங்க தாயி. குண்டு விழுந்தா எப்படிப் படுக்கணும்னு சொல்லிக் குடுக்கிற வகுப்பு. ரெண்டு மூணு மாசத்துல அது முடிஞ்சு போச்சு. அப்புறம் கூடம் சும்மாதான் கெடந்தது."

"பிறகு ஏன் திரும்ப நடத்தல?"

"ஒரு ஆளாவது வந்து கேட்டாத்தானே? ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா மறு வாரமே கதவைத் தொறந்து விட்டிருப்பேனே. யாருக்கும் பிடிக்கல போலன்னு விட்டுட்டோம்."

நாங்கள் வாராவாரம் வந்து நின்றோமே என்றேன். நிழலுக்கு ஒதுங்குகிற பிள்ளைகள், பாவம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாராம். லசார் அண்ணனும் ஒருநாள் கக்கத்தில் தாள்கட்டோடு வந்து மேஜைக்கு முன்னால் பேசாமல் நின்றாராம். "பேப்பர் படிக்க வந்தீங்களான்னு கேட்டேன். ஆமான்னாரு. உக்காந்து ஒரு பேப்பரைப் படிச்சுட்டுப் போயிட்டாரு," என்றார் செக்கட்டரி, கொஞ்சமும் கபடில்லாமல்.

எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. அவர்மேல் வந்ததா, எங்கள் கரைமேல் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. விளாத்திகுளத்துக் கரிசல்காட்டில் பிறந்தவருக்கு நிற்பதுதான் கேட்பது என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்? ரபேல் பந்திக்கு எழுந்து நடந்தான். பந்தியில் உட்கார்ந்து இலையில் சோறு விழுந்த பிறகுதான், என்னைப் பார்க்காமல், "நான் ஏறினேம்லா," என்றான். "ரெண்டு படி ஏறினேம்லாக்கா." அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ரபேல் போய்ச் சேர்ந்துவிட்டான். பிலோமியும் போய்விட்டாள். வாசகசாலை இருந்த இடத்தில் இரும்புக்கடை. முன்கூடம், பின்கூடம் எல்லாம் ஒன்றாகி, கம்பி அடுக்கியிருக்கிறார்கள். கப்பல்கள் இப்போது கரையோடு வந்து நிற்கின்றன, மாலுமிகள் என்ன படிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டுப் பெண்ணின் புருஷன் கடலுக்குப் போகிறவன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனில் ஊருக்கே கேட்கும்படி, "என்ன மீன் பட்டுது? எப்ப வருவீய?" என்று கேட்கிறாள். அவன் கடலிலிருந்தே பதில் சொல்லுகிறான். சில நாள் மீன் படுகிறது, சில நாள் படுவதில்லை. யாரும் வாயைத் திறக்காத எங்கள் காலத்திலும் அப்படித்தான் இருந்தது.

அவள் கேட்பதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். இப்போது எனக்கும் கேட்க வாய் வந்துவிட்டது. மூக்கன் எப்படி இறங்கினார் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.