எஸ்தர் அக்காவின் அல்ஜீப்ரா

போன செவ்வாய்க்கிழமை காலை, தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது தானியேல் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அண்ணன் எனக்குப் போன் செய்து நாலு வருடம் இருக்கும்.

"எஸ்தர் அக்கா கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சுட்டாங்க" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், "வர்றதா இருந்தா கம்மலைக் கழட்டிட்டு, முக்காடு போட்டுட்டு வா. அப்பா சொல்லச் சொன்னாரு" என்றார்.

எங்கள் வீட்டில் சாவுச் செய்தியோடும் சட்டம் சேர்ந்தே வரும். கம்மலைக் கழற்றி வெள்ளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அக்காவுக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரமாக ஜெபம் செய்திருக்கிறார்கள். கடைசி நாள்தான் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்திருக்கிறது. அப்பாவின் கண்ணில் புரை விழுந்தபோது ஜெபத்தோடு நிறுத்தவில்லை, திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வெளிச்சம் தருகிறவர் அவர் அல்லவா. அக்கா அடுப்படியில் இருந்தவர்தானே, பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பார்கள்.

தினமும் யார் யாருக்கோ காமாலை இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்கிறவள் நான். அரை மணி நேர ரயில் தூரத்தில் என் அக்காவின் கண் மஞ்சளானது எனக்குத் தெரியவில்லை. அதற்கான காரணத்தையும் இதில் எழுதத்தான் போகிறேன்.

எஸ்தர் அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூதலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருந்த எங்கள் அப்பாவின் மூத்த மகள். அவருக்குப் பின் நாலு பையன்கள். கடைசியாக நான். அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். நான் பிறந்த வருடம்தான் அப்பா ஒரு கண்டிப்பான கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தார். உலகத்தாரின் பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது சபையின் போதனை. ஆறாம் வகுப்பில் இருந்த அக்காவையும், அவருக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்த அண்ணன்களையும் ஒரே நாளில் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டுக் கூடத்தில் கரும்பலகை மாட்டினார் அப்பா. என் ஐந்தாம் வயதில் அம்மா இறந்துபோனார். பதினாறு வயதில் அக்கா எங்கள் ஐந்து பேருக்கும் அம்மாவானார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

சுவரில் ஒரு பாட அட்டவணை தொங்கும். பையன்களுக்குக் கணக்கு, அறிவியல், ஆங்கிலம். பெண்களுக்குக் 'குடும்பக் கலை'. குடும்பக் கலை என்றால் மாவாட்டுதல், துவைத்தல், தைத்தல், ஆண்கள் சாப்பிட்டு எழுந்த இடத்தைத் துடைத்தல். அதற்கு அப்பா வருடா வருடம் மதிப்பெண்ணும் போடுவார். மாவாட்டுதலில் அக்கா நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டும் பெருமை வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பிடித்து வைத்தது. "ரெண்டு மார்க் எங்கேடி போச்சு, உளுந்துலயா அரிசியிலயா?" என்று அக்கா என்னிடம் ரகசியமாகக் கேட்டுச் சிரிப்பார். அந்த வீட்டில் சத்தமில்லாமல் சிரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

தானியேல் அண்ணன் பெரிய வகுப்புக் கணக்குக்கு வந்தபோது அப்பாவுக்குச் சிக்கல் வந்தது. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அல்ஜீப்ரா அவருக்குப் பிடிபடவில்லை. அக்காவுக்குப் பிடிபட்டது. உலை கொதிக்கிற நேரத்தில் அண்ணனின் புத்தகத்தை வாங்கிப் படித்து, முதல் கணக்கிலிருந்து கடைசிக் கணக்கு வரை தானாகவே போட்டுவிட்டார். ஆனால் பன்னிரண்டு வயது தாண்டிய ஆணுக்குப் பெண் போதிக்கக் கூடாது என்பது சபையின் சட்டம். சொந்தத் தம்பியானாலும் அதுதான்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டானது. முந்தின நாளே அக்கா பாடத்தை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிடுவார். அப்பா கூடத்தில் நின்று அதைப் பலகையில் எழுதி நடத்துவார். அண்ணன்கள் சந்தேகம் கேட்டால், "கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று சமையலறைக்கு வருவார். அக்கா அரிவாள்மனையை விட்டு எழாமலே, தலையைக் குனிந்தபடி பதில் சொல்வார். அப்பா கூடத்துக்குப் போய் அதைச் சொல்வார். அல்ஜீப்ரா நடக்கிற நாட்களில் அப்பாவுக்குத் தாகம் அதிகம். சில நாள் ஏழெட்டுச் சொம்பு தண்ணீர் போகும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. அக்கா சொல்வது அண்ணன்களுக்கு அங்கேயே காதில் விழும். இருந்தாலும் அப்பா வந்து சொல்லும்வரை எழுத மாட்டார்கள்.

இப்படித்தான் நாலு அண்ணன்களும் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு தேறினார்கள். சபையில் மற்ற குடும்பத்துப் பையன்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு நேரம் கூடத்தில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சபைக் கூட்டத்தில் அப்பா எழுந்து, "எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்குக் கர்த்தர் ஞானத்தைக் கொடுத்தார்" என்று சாட்சி சொன்னார். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். பெண்கள் வரிசையில் இருந்த அக்காவும் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கேலியாகச் சொன்னாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. இன்றுவரை எனக்கு அதுதான் ஆறவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது நானும் பரீட்சை எழுத வேண்டும் என்று அக்காவிடம் அழுதேன். அவர் அப்பாவிடம் போய்க் கேட்டார். "பொம்பளப் புள்ள ஒண்ணு வெளியில போனா வீட்டை யாரு பார்ப்பா?" என்றார் அப்பா. அப்போது அக்காவுக்கு முப்பது வயது. வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், நீடாமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. அக்கா சொன்னார்: "நான் இருக்கேன்ப்பா. அவங்கள வர வேண்டாம்னு சொல்லிருங்க. ரூத் எழுதட்டும்."

நான் எழுதினேன், தேறினேன், ஆய்வகப் படிப்பு முடித்தேன். பிறகு சபைக்கு வெளியே எனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். என்னைச் சபையிலிருந்து நீக்கினார்கள். நான் காதில் கம்மல் போட்டுக்கொண்டேன். அக்கா அதே சமையலறையில் இருந்தபடி தானியேல் அண்ணனின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். என் சான்றிதழில் இருப்பது என் பெயர். அதற்கு விலையாகப் போனது அவருடைய வாழ்க்கை. இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கும் ஆசை இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒருநாள் அண்ணியின் போனிலிருந்து கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "நான் எழுதினா பாஸ் பண்ணுவேனாடி?" என்று கேட்டார். பதினான்கு பேரைத் தேறவைத்தவர் கேட்ட கேள்வி அது.

விண்ணப்பத்துக்குப் பிறந்த தேதி வேண்டும். பிறந்தநாள் கொண்டாடுவது உலகத்தாரின் வழக்கம் என்று எங்கள் வீட்டில் தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை; பரீட்சை எழுதியவர்களுக்கு மட்டும் பிறகு தேடி எடுத்தார்கள். "வாய்க்கால்ல தண்ணி வந்த வாரம் பொறந்தேன்னு அம்மா சொல்வாங்க, அவ்வளவுதான் தெரியும்" என்றார் அக்கா. அவர் ஆறாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கு நான் போனேன். தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டித் தேடி, சான்று எழுதிக் கொடுத்தார். தேதியையும் கிழமையையும் போனில் சொன்னபோது அக்கா இரண்டு முறை திரும்பச் சொல்லிப் பார்த்தார். "வியாழக்கிழமையா!" என்று ஆச்சரியப்பட்டார். ஹால் டிக்கெட் என் வீட்டு முகவரிக்கு வந்தது. முதல் பரீட்சை கணக்கு.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். கண் பரிசோதனைக்கு வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பரீட்சை அன்று காலை முதல் ரயிலில் வந்துவிடச் சொன்னேன். அந்த வீட்டில் காலை ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்றைக்கு எங்கே போகிறோம், என்ன செய்யப் போகிறோம் என்பதை முழங்காலில் நின்றபடி அப்பாவுக்கு முன்னால் கர்த்தரிடம் ஒப்புவிக்க வேண்டும். முழங்காலில் நின்று அக்கா பொய் சொல்ல மாட்டார். அதே முழங்காலில் பத்தொன்பது வருடம் நின்றவள் நான். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே அவரை என் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும். நான் பேனா டப்பாவோடு பரீட்சை மையத்தின் வாசலில் நின்றேன். மணி அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். உண்மையைச் சொல்லிவிட்டாராம். அப்பா திட்டவில்லையாம். "போம்மா, நான் தடுக்கல. இன்னிக்குப் பிள்ளைங்களுக்குச் சோறும் பாடமும் யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாராம். கூடத்தில் ஐந்து பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்களாம். அக்கா போகவில்லை.

"பொய் சொல்லிட்டுப் போய் எழுதுனா, கணக்கு சரியா வந்தாலும் எனக்குத் தப்பாத்தான்டி இருக்கும். அடுத்த வருஷம் கேட்டுட்டே வர்றேன்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்கள மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான்க்கா அப்பா மாதிரி ஆளுங்க நிம்மதியா இருக்காங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதன் பிறகு நானாக அவரைக் கூப்பிடவில்லை. அவர் கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வருடம் வந்தது, போனது. அதற்கடுத்த வருடங்களும் போயின. கடைசி எட்டு மாதம் பேச்சே இல்லை. அக்காவின் கண் மஞ்சளானது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். வேறு யாரையும் சொல்ல எனக்கு வாயில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைச் சேலை உடுத்திக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள், கரும்பலகைக்குக் கீழே. அந்தக் கூடத்தின் நடுவில் அவர் இருந்து நான் பார்த்தது அன்றுதான். பெட்டியை எடுக்குமுன் தானியேல் அண்ணன் சாட்சி சொன்னார். அவர் இப்போது கட்டட வேலைகளுக்கு சூப்பர்வைசர். நாள் முழுக்க அளவும் கணக்கும்தான் அவர் பிழைப்பு. "எங்க அக்கா படிப்பு வாசனை இல்லாதவங்க. ஆனா அடக்கமும் அன்பும் உள்ளவங்க" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் எட்டுப் பேராவது அக்காவின் கணக்கைப் படித்துத் தேறியவர்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை நிஜம்தான், அதை நான் மறுக்கவில்லை.

சபையின் கல்லறைத் தோட்டத்துக்குள் பெண்கள் போகக் கூடாது, கேட்டோடு சரி. பத்துப் பதினைந்து பெண்களோடு நானும் கேட்டுக்கு வெளியே முக்காட்டோடு நின்றேன். பெட்டி செய்தவரே சிலுவையிலும் பெயர் எழுதுவார். அவர் பிரஷ்ஷோடு உட்கார்ந்து ஏதோ கேட்பதும், அப்பா அண்ணன்களைப் பார்ப்பதும், அண்ணன்கள் ஒருவரையொருவர் பார்ப்பதும் தெரிந்தது. பிறகு தானியேல் அண்ணன் கேட்டருகே வந்தார்.

"அக்கா பொறந்த தேதி உனக்குத் தெரியுமாமே?"

"தெரியும்ண்ணே."

"சொல்லு, எழுதணும்."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, உங்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடுத்தது யாருன்னு நீங்க சொல்லுங்க."

அண்ணன் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். "இது அதுக்கான நேரமா ரூத்?" என்றார்.

"ஒரே வார்த்தைண்ணே. இவங்க முன்னாடி சொன்னாப் போதும்."

அவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். பிரஷ் காய்கிறது என்று உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு உள்ளே போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். கேட்டைப் பிடித்துக்கொண்டு வீம்பாக நின்றேன்.

எல்லோரும் போன பிறகு கேட்டுக் கம்பி வழியாகச் சிலுவையைப் பார்த்தேன். மேலே பெயர். அதற்குக் கீழே 'பிறப்பு' என்று எழுதி, பக்கத்தில் வெறுமையாக விட்டிருந்தார்கள். இறப்புக்கு மட்டும் தேதி இருந்தது.

அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு தரப்பின் பிடிவாதத்துக்கும் நடுவில், எப்போதும்போல, அக்கா, உங்களுக்கு உரியது போய்விட்டது. என்னை மன்னிக்க வேண்டாம் அக்கா. போய் வாருங்கள்.