உப்பில்லாத கிரானோலா

வெர்னா லாரோஷுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது. ஆல்டர்ஹாலோ பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் பரிமாறியவள். பீட்ரூட் தட்டைத் தரையில் தள்ளிவிட்ட பையனை அன்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். துடைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்று வாரம் கழித்து பீட்சா போடும் வெள்ளிக்கிழமை, வரிசையில் அவன் முறை வரும்போது, தட்டில் அவித்த பீட்ரூட்டை மட்டும் வைத்து, "போன தடவை கீழே விழுந்துடுச்சு, இல்லையா? பாவம்" என்பாள். ஊரில் இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலர் அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவதற்கு அந்த பீட்ரூட்தான் காரணம்.

அவள் கணவன் அர்மாண்ட் பால் லாரி ஓட்டியவன். ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு பண்ணை முற்றத்தில், பால் இறைக்கும் குழாயைக் கையில் பிடித்தபடியே மாரடைப்பு வந்து விழுந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பு கூடவே கூடாது. சர்க்கரைக்கு அளவு. தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். காலை உணவு ஓட்ஸ்.

"முப்பது வருஷம் மாட்டுக்குப் பின்னாடியே அலைஞ்சேன்," என்றான் அர்மாண்ட், கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி. "கடைசியில மாட்டுத் தீனியையே எனக்கும் வெச்சுட்டே."

"மாடு உன்னைவிட ஒசத்தி. பேசாமத் தின்னும்."

"மாட்டுக்கு நாக்கு நீளம். ருசி தெரியாது."

லாரியில் எப்போதும் சாக்லேட் கட்டி ஒன்று வைத்திருப்பவன் அவன். அந்தக் குளிர்காலம் முழுக்க வெர்னா ஓட்ஸையும் சாக்லேட்டையும் சேர்த்துவைக்கப் போராடினாள். கோகோ தூள் முதலிலேயே கறுப்பு. அதனால் அடுப்புக்குள் தட்டில் இருப்பது சிவந்ததா கருகியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூக்குதான் கடிகாரம். முதல் இரண்டு தட்டும் கருகிக் கசந்தன. மூன்றாவது தட்டில், வறுவல் ஆறுவதற்குள் கசப்புச் சாக்லேட்டைக் கொத்திப் போட்டுவிட்டாள். எல்லாம் உருகிச் சேறாகிவிட்டது. "பனி உருகின ஏப்ரல் மாசத்து ரோடு மாதிரி இருக்கு," என்றான் அர்மாண்ட். "இதுல லாரி இறங்கினா டிராக்டர் வெச்சுதான் இழுக்கணும்."

பிறகு பிடிபட்டது, கிரானோலா என்கிற அந்த ஓட்ஸ் வறுவல். ஓட்ஸ், வால்நட், சூரியகாந்தி விதை. கோகோவை மேப்பிள் பாகிலும் எண்ணெயிலும் முதலில் குழைத்துவிட வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்தால் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சூடு குறைவாக வைத்து, வெந்தபின் தட்டைத் தொடாமல் முழுக்க ஆறவிட வேண்டும். ஆறியபிறகே சாக்லேட் துண்டுகள். பிப்ரவரியில் ஒரு காலை அர்மாண்ட் காலிக் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு," என்றான். வெர்னா அன்றே செய்முறையை ஓர் அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள். அடியில் "உப்பு கிடையாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

மாரடைப்புக்குப் பிறகு அவன் மொத்தம் நான்கு வருடம் இரண்டு மாதம் இருந்தான்.

இறந்தது ஓர் அக்டோபரில். பக்கத்துப் பண்ணையிலிருந்து மாவிஸ் ஸ்டோடர்ட் வந்து மூன்று நாள் வெர்னாவின் சமையலறையைப் பார்த்துக்கொண்டாள். முப்பது வருடத் தோழி. அலமாரிகளைத் திறந்து மூடியது, பாத்திரம் கழுவியது, வருகிறவர்களுக்குக் காபி ஊற்றியது எல்லாம் அவள்தான். வெர்னா மாடியில் அர்மாண்டின் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஜூனில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனபோதுதான் வெர்னா அதைப் பார்த்தாள். மாவிஸின் மேஜையில் கிரானோலா நிரப்பிய பழுப்புக் காகிதப் பைகள் வரிசையாக நின்றன. பையின் முன்புறம் சிவப்பில் ஓர் இதயப் படம். கீழே இப்படி அச்சடித்திருந்தது: 'என் கணவரின் பலவீனமான இதயத்துக்காக, ஒரு நீண்ட குளிர்காலத்தில் நான் கண்டுபிடித்தது.' மாவிஸின் கணவன் ட்வைட் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காளைபோல இருக்கிற ஆள். ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பாத்தா தெரியவே இல்லீங்க," என்று கண்கலங்கினாள். ட்வைட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னா ருசிபார்க்க வைத்திருந்த கிண்ணத்திலிருந்து ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டாள். உப்பு.

"எப்படி இருக்கு?" என்றாள் மாவிஸ். அவள் கழுத்து சிவந்திருந்தது. "உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு வெர்னா ஒரு பை வாங்கிக்கொண்டு போனாள்.

கேட்டிருந்தால் செய்முறையைக் கொடுத்திருப்பாள். அவளே நகலெடுத்துத் தந்திருப்பாள். ஓட்ஸும் கோகோவும் யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் அவளுடையது. நள்ளிரவில் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்ததும், விடிந்ததும் எழுப்பி எடை பார்க்கும் கருவியில் ஏற்றியதும் அவள். அதை ஒரு வரியில் அச்சடித்து, ட்வைட்டின் பெயரில், சந்தையில் விற்கிறாள் மாவிஸ். அர்மாண்ட் என்று ஒருவன் அந்தக் கிண்ணத்திலிருந்து தின்றதே இல்லை என்றாகிவிட்டது.

ஆல்டர்ஹாலோவில் அடுத்தவர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடும் வழக்கமில்லை. சண்டைக்கென்று ஒரு நாள் இருக்கிறது. மார்ச் மாதம் முதல் செவ்வாய், ஊர்க்கூட்டம். சாலைச் செலவிலிருந்து நாய் உரிமம்வரை எல்லாவற்றையும் ஊரே உட்கார்ந்து கைதூக்கி முடிவுசெய்யும் நாள். வெர்னா ஒன்பது மாதம் காத்திருந்தாள். வழியில் மாவிஸைக் கண்டால் வணக்கம் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு அட்டைகூட அனுப்பினாள்.

பிப்ரவரியில் கூட்டத்தின் தீர்மானப் பட்டியல் தபாலில் வந்தது. பதினோராவது தீர்மானம்: ஊர்மன்றத்துச் சமையலறையை வாரம் நான்கு நாள் மாவிஸ் ஸ்டோடர்டின் கிரானோலா தயாரிப்புக்குக் கொடுக்கலாமா. நகரத்துக் கடைகள் கேட்கின்றனவாம். அவள் வீட்டு அடுப்பு போதவில்லையாம். வெர்னா பட்டியலை மடித்து வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போய் திருப்புளியைத் தேடினாள்.

கூட்டத்தன்று மன்றம் நிரம்பியிருந்தது. தலைவர் எல்வுட் கிம்பல் மேடையில் சுத்தியலுடன் நின்றார். பதினோராவது தீர்மானம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தது. மாவிஸ் எழுந்து ட்வைட்டின் இதயத்தைப் பற்றிப் பேசினாள். பலர் கைதட்டினார்கள். அவள் பெஞ்சுகளில் அனுப்பிய பைகள் கைமாறிக்கொண்டிருந்தன.

வெர்னா எழுந்தாள். "தலைவரே, மாவிஸை ஒண்ணு கேட்கணும்."

"என் மூலமா கேளு, வெர்னா. நேரா பேசக் கூடாது. தெரியுமில்ல?"

"உங்க மூலமாத்தான். ட்வைட்டுக்கு இதயத்துல எந்த இடத்துல கோளாறுன்னு கேளுங்க."

எல்வுட் காதைச் சொறிந்தார். "மாவிஸ், கேள்வி உனக்குக் கேட்டுதா?"

"அது எங்க சொந்த விஷயம், தலைவரே."

"சனிக்கிழமை தவறாம பையில அச்சடிச்சு விக்கிறது எப்படிச் சொந்த விஷயம் ஆகும்னு கேளுங்க."

பின்பெஞ்சில் சிரிப்பு. மாவிஸ் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "அவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு."

"மாவிஸோட குடித்தனம் பண்ணினா எனக்கும்தான் இருக்கும்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். எல்வுட் சுத்தியலைத் தட்டினார்.

"தலைவரே," என்றாள் வெர்னா, அதே குரலில், "தினம் காலையில ட்வைட்டை எடைபோட்டு எழுதி வெக்கிறாளான்னு கேளுங்க."

"எடை எதுக்கு?" மாவிஸ் நேராக வெர்னாவையே கேட்டுவிட்டாள்.

"என் மூலமா," என்றார் எல்வுட்.

வீட்டில் அப்படி ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்கு எடை எதற்கென்று தெரியும். முன்வரிசையில், போன வருடம் புருஷனைப் புதைத்த ஒருத்தி, மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"ராத்திரியில உடம்புல தண்ணி கோத்துக்கும் தலைவரே. காலையில எடையில காட்டும். ஒரே ராத்திரியில ஒண்ணரைக் கிலோ ஏறிட்டா டாக்டரைக் கூப்பிடணும். நாலு வருஷம் ரெண்டு மாசம் நான் எழுதினேன். இன்னொண்ணும் கேளுங்க. இதுல உப்பு போடறாளா?"

"கடல் உப்பு. கொஞ்சம்தான்," என்றாள் மாவிஸ். "அது இல்லாம இதை யார் வாயில வெப்பாங்க?"

"அர்மாண்ட் வெச்சான்," என்றாள் வெர்னா.

பெஞ்சுக்கு அடியில் அர்மாண்டின் பழைய கோட்டில் சுற்றிவைத்திருந்ததை எடுத்துப் பிரித்தாள். சமையலறை அலமாரியின் கதவு. கீலோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். உட்புறம் அட்டை ஒட்டியிருந்தது. வெர்னாவின் கையெழுத்து ஊருக்கே தெரியும். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட உணவுப் பட்டியலை எழுதியது அந்தக் கைதான். கதவை முன்பெஞ்சில் கொடுத்தாள். அது ஆள் ஆளாகக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் மடியில் வைத்துப் படித்துவிட்டு, கையிலிருந்த பையைத் திருப்பிப் பார்த்தார்கள். மாவிஸிடம் வந்தபோது அவள் தொடாமல் பக்கத்து ஆளிடம் தள்ளச் சொன்னாள்.

"நீ என்ன சொல்ல வர்றே வெர்னா?" என்றார் எல்வுட். "தீர்மானம் வேணாங்கிறியா?"

"வேணும். ஒரு திருத்தத்தோட. சமையலறையைக் குடுக்கலாம். ஆனா ஒவ்வொரு பையிலயும் இது யாருக்காகச் செஞ்சதோ அவன் பேர் இருக்கணும். அர்மாண்ட் லாரோஷ். அவனுக்குச் செஞ்ச மாதிரியே உப்பில்லாமதான் செய்யணும்."

"வழிமொழிய யாராவது இருக்கீங்களா?"

யாரும் எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை ஊர் நடுவில் அறைவதுபோல ஒரு காரியம் அது. வழிமொழிகிறவர் அவளோடு ஆயுளுக்கும் முகம் பார்க்க வேண்டும். எல்வுட் சுத்தியலை எடுத்தார்.

ட்வைட் எழுந்தான். "நான் வழிமொழியறேன்."

"ட்வைட், உட்காரு," என்றாள் மாவிஸ்.

"எட்டு மாசமா என்னை விறகு பிளக்க விடல, தலைவரே. யாராவது பாத்துடுவாங்களாம். கொட்டகைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பிளக்கிறேன்." அவன் வெர்னா பக்கம் திரும்பவில்லை. "அர்மாண்டோட சவப்பெட்டியைத் தூக்கினவன் நான். எனக்கு ஒண்ணும் இல்லை."

திருத்தத்தை எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது உயர்ந்தது மாவிஸின் கை ஒன்றுதான். ட்வைட் அதைப் பார்க்காமல் சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய்விட்டான்.

வெர்னா அன்று மாலை கதவைத் திரும்ப மாட்டினாள். திருகுகளை இறுக்கமாக முடுக்கினாள். நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள்.

ஏப்ரலில் மாவிஸ் முழங்கால்வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றாள். கையில் புதுப் பை. இதயப் படம் இல்லை. அர்மாண்டின் பெயர் மட்டும் கறுப்பில் இருந்தது.

"உள்ளே வரலாமா?"

"பூட்ஸ் சேறா இருக்கு. அங்கேயே சொல்லு."

மாவிஸ் பையை நீட்டினாள். "உப்பில்லாம நாலு தடவை செஞ்சுட்டேன். வாயில வெச்சா சுண்ணாம்பு மாதிரி கிடக்கு. ரெண்டு கடையில திருப்பி அனுப்பிட்டாங்க. அட்டையில இருக்கிறபடிதான் செஞ்சேன், வெர்னா. எதையோ நீ எழுதல."

எழுதவில்லைதான். கோகோவுக்கு உப்பில்லாவிட்டால் உயிர் கிடையாது. அதற்குப் பதிலாக, காலையில் மிஞ்சிய காபியைச் சுண்டக் காய்ச்சி, ஒரு கரண்டி பாகில் விடுவாள் வெர்னா. அர்மாண்ட் தன் கோப்பையில் எப்போதும் மிச்சம் வைப்பான். அதைத்தான் காய்ச்சுவாள். அட்டையில் எழுதத் தோன்றவே இல்லை.

"எனக்காகச் சொல்ல வேணாம்," என்றாள் மாவிஸ். "அவன் பேர்ல போகுது. நகரத்துல ஒரு கடைக்காரன் கேக்கிறான், இந்த அர்மாண்டுங்கிறவனுக்கு நாக்கு செத்துப்போச்சான்னு."

வெர்னா பையை வாங்கினாள். ஒரு கட்டியைக் கடித்தாள். சுண்ணாம்புதான். மாவிஸ் கடை கடையாகத் திட்டு வாங்குவதைக் கேட்க அவளுக்கு இனித்தது. இன்னும் ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள். ஆனால் பையின்மேல் இருந்தது அவன் பெயர். கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள்.

"எப்போ செய்யப்போறே?"

"செவ்வாய். காலை ஏழு மணிக்கு."

செவ்வாய்க்கிழமை வெர்னா கோட்டுக்குள் ஒரு ஃபிளாஸ்க்கை மறைத்துக்கொண்டு ஊர்மன்றத்துக்குப் போனாள். பெரிய பாத்திரத்தில் பாகும் கோகோவும் குழைத்து வைத்திருந்தது. மாவிஸ் கரண்டியை ஏந்தி நின்றாள்.

"வெளியே போய் உட்காரு," என்றாள் வெர்னா.

"என் சமையலறையிலேர்ந்தா?"

"ஊர்ச் சமையலறை. போ."

"சொல்லிட்டா நானே போட்டுக்குவேன். இனிமே ஒவ்வொரு தடவையும் நீ வரணுமா?"

"ஆமா."

"வாரம் நாலு நாள். எத்தனை நாளைக்குடி இப்படி?"

"நீ விக்கிறவரைக்கும்."

மாவிஸ் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு மன்றத்துக்குள் போய், காலி நாற்காலிகளில் ஒன்றில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பரிமாறும் ஜன்னல் வழியாக அவள் தலை தெரிந்தது. வெர்னா ஜன்னலின் பலகையை இறக்கித் தாழ்போட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.