இன்னும் ரெண்டே கிழமை

மாமா கனடாவில் காலமாகி இந்த வருடத்தோடு மூன்று வருடம். அவருடைய குரலைத் தேடி வானொலி நிலையத்தில் விசாரித்தேன். அவருடைய நாடகங்கள் இருந்த ஒலிநாடாக்களின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்களாம்.

அம்மாவின் தம்பியான அவர், நான் சிறுமியாக இருந்தபோது கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருந்தார். ஞாயிறு காலை வானொலி நகைச்சுவை நாடகத்தில் அவருக்கு என்றும் ஒரே வேடம்தான். வெளிநாடு போவதற்காக லொட்ஜில் அறை எடுத்து, பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருக்கும் மனிதர். எப்போது பயணம் என்று யார் கேட்டாலும் "இன்னும் ரெண்டே கிழமை" என்பார்; எந்த வருடம் கேட்டாலும் அதே இரண்டு வாரம்தான். ‘ரெண்டே’யை இழுத்து, ‘கிழமை’யை விழுங்கிச் சொல்வார். வெள்ளவத்தையே சிரித்தது. பேக்கரிச் சிங்கள முதலாளிகூட உடைந்த தமிழில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பாணைச் சுற்றித் தருவார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைகள் நிறைந்த காலி வீதியில் நடந்தால், ஊர்வலம் போவதுபோல இருக்கும் எனக்கு.

மாமியும் அவர்களின் ஒரே மகளான மச்சாளும் முன்னரே கனடா போய்விட்டார்கள். மாமாவின் விசாதான் இழுபட்டது. கைக்குழந்தையாகப் போன மச்சாளுக்கு ஐந்து வயதாகியிருந்தது. சனிக்கிழமைகளில் அவர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். ஒரு சனிக்கிழமை மாமா குளித்துக்கொண்டிருந்தபோது மணி அடிக்க, நான் எடுத்தேன்.

"அப்பா எப்ப வருவார்?" என்றாள் மச்சாள்.

ஒன்பது வயதுக்காரிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? இழுக்கவேண்டியதை இழுத்து, விழுங்கவேண்டியதை விழுங்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

இரண்டு கிழமை கழித்து வந்த அழைப்பில் மாமா நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். ரிசீவரை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீயே பிள்ளை அவளிட்டச் சொன்னனி?"

"ஓம் மாமா. நீங்கள் ரேடியோவில சொல்லுற மாதிரித்தான் சொன்னனான்."

"விடிஞ்சதில இருந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில இருக்கிறாளாம். சாப்பிடவும் எழும்புறாள் இல்லையாம்."

ஏசுவார் என்று நின்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, கடல் பக்கத்து ஜன்னலடியில் போய் நின்றார்.

அடுத்த மாதம் எங்கள் பாடசாலைக் கலைவிழாவில் மாமாவின் வானொலி நாடகத்தை மேடையேற்றினார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். மேடையில் ஒருவர் வழக்கம்போலக் கேட்டார்: "அண்ணை, எப்ப பயணம்?"

மாமா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கேட்டவர் இன்னொரு தடவை கேட்டார். பின்வரிசைகளில் கதிரைகள் தரையில் உராய்ந்தன. யாரோ இருமினார்கள். மாமா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, சபைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். என் சிநேகிதிகள் எல்லாரும் பார்க்க, மாமா வசனத்தை மறந்துவிட்டார்.

நான் எழும்பி நின்று, என்னால் முடிந்த மட்டும் சத்தமாக அதை எடுத்துக்கொடுத்தேன்.

மண்டபம் அதிர்ந்தது. விசிலடித்தார்கள். மாமா என்னைப் பார்த்து, கைகூப்பிக் குனிந்தார். நிமிர அவருக்கு நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த வேடம் போடவில்லை. விசா வந்தபோது மச்சாளுக்குப் பதினான்கு வயது. கனடா விமான நிலையத்தில் மாமாவோடு என்ன கதைப்பதென்று தெரியாமல் அவள் நின்றதாக மாமி பின்னர் எழுதியிருந்தார்.

அன்று கலைவிழா முடிந்து பஸ்ஸில் வரும்போது மாமா என் கையை விடவேயில்லை. நன்றி சொல்லத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் பெருமையோடு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.